பதிவு அட்டையும் இருபத்தைந்து நிமிடமும்

சென்ற மாதம் எங்கள் நண்பர் ஒருவர் வாடகை வீட்டை மாற்றினார். புத்தகங்களைக் கட்டிக் கொடுக்கப் போயிருந்தோம். சிற்றிதழ்களின் பழைய தொகுதிகளுக்கு அடியில், பாலிதீன் உறைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த ஓர் அட்டை கிடைத்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு அட்டை. முதல் பதிவு 1991-இல். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்ததற்கான ஊதா நிற முத்திரைகள் கட்டம் கட்டமாக இருந்தன. கட்டங்கள் தீர்ந்துபோன பிறகு பின்புறம் ஒட்டப்பட்ட காகிதத் துண்டிலும் முத்திரைகள். நண்பர் அதை வாங்கிப் பார்த்தார், சிரித்தார். பிறகு குப்பைக் கூடையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் செய்கை எங்களைச் சில நாட்கள் தொந்தரவு செய்தது. இலக்கியம் பேசும் இந்த இடத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். எங்கள் தலைமுறையின் எழுத்திலும் திரைப்படத்திலும் அந்த அலுவலகத்தின் நிழல் விழாத இடம் குறைவு. 1980-இல் வெளிவந்த 'வறுமையின் நிறம் சிவப்பு', 'நிழல்கள்' ஆகிய இரண்டு படங்களும் வேலையற்ற படித்த இளைஞர்களைப் பற்றியவை. நாஞ்சில் நாடனின் 'மிதவை' வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் பட்டதாரியின் கதை. மற்றபடி, நம் கதைகளிலும் துணுக்குகளிலும் வேலைவாய்ப்பு அலுவலகம் பெரும்பாலும் கேலிக்குரிய இடமாகவே வந்து போயிற்று. பேரன் பிறந்த பிறகு நேர்காணல் கடிதம் வருவதாக எழுதிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அந்த இடம் எதற்காக ஏற்பட்டது, ஏன் அப்படி ஆயிற்று, இனி என்னவாக வேண்டும் என்று யோசிக்கவில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊருக்கு ஊர் அரசு நடத்தும் வேலைவாய்ப்பு மையம் வேண்டும். இணையம் வந்துவிட்டதால் அது தேவையற்றதாகிவிடவில்லை. ஆனால் அது வரிசையைக் காக்கும் இடமாக இருந்தால் பயனில்லை. இளைஞனையும் தெரிந்த, வேலை தருபவரையும் தெரிந்த ஒரு மனிதர் உட்கார்ந்து பேசும் இடமாக இருக்க வேண்டும்.

*

வேலை தேடுபவன் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கையேந்தக் கூடாது என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் இந்த ஏற்பாடு. இங்கிலாந்தில் அன்றாடக் கூலிக்காகத் துறைமுக வாசலில் முட்டி மோதிய தொழிலாளர்களைப் பார்த்து, வேலையின்மை என்பது மனிதனின் சோம்பல் அல்ல, தொழில் அமைப்பின் கோளாறு என்று வாதாடியவர் வில்லியம் பெவரிட்ஜ். அவருடைய யோசனையை அன்றைய வர்த்தக அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் ஏற்றார். 1909-இல் சட்டம் வந்தது. 1910 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் தொழிலாளர் பரிமாற்ற நிலையங்கள் திறக்கப்பட்டன. வேலை இருக்கும் இடமும் ஆள் இருக்கும் இடமும் ஒரே மேசையில் தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் இது போரின் வழியே வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-இல் இந்த அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948-இல் எல்லோருக்குமாகத் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் பொறுப்பாயிற்று. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே நாள் அது. பின்னர் 1959-இல் காலிப் பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் சட்டம் இயற்றப்பட்டு, 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தைப் படித்தால் சிக்கலின் வேர் புலப்படும். அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் அந்த அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறிவிக்கத் தவறினால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 1000 ரூபாய் வரை. அச்சட்டம் நடப்பிலிருந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு மிஞ்சியிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தனியார் முதலாளிகள் அலுவலகத்தை மறந்தார்கள். அரசு மட்டும் மறக்கவில்லை. விளைவாக, எல்லோருக்குமான பரிமாற்ற நிலையம் அரசு வேலைக்கான காத்திருப்போர் கூடமாகச் சுருங்கியது.

காத்திருப்பே அங்கே தகுதியாயிற்று. 'பதிவு மூப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். யார் முதலில் பதிந்தாரோ அவருக்கு முதலில் வாய்ப்பு. ஒருவகையில் இது பெரும் நியாயம்தான். சிபாரிசு இல்லாதவனுக்கும், ஆங்கிலம் பேசத் தெரியாதவளுக்கும், வரிசை என்ற ஒன்று ஆறுதல் தந்தது. பணம் கொடுத்தோ ஆள் பிடித்தோ தாண்டிப் போக முடியாத வரிசை என்று நம்பினார்கள். ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒரு கொடுமையும் இருந்தது. வரிசை எவ்வளவு நீளம், அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று நிற்பவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பதிவு செய்து காத்திருந்தோர் எண்ணிக்கை 2010-களில் 80 லட்சத்தையும் தாண்டியது. வேலையற்றோர் உதவித்தொகையிலும் இதே மனப்பான்மைதான். பதிவைத் தவறாமல் புதுப்பித்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவரே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. வேலை இழந்த முதல் மாதத்தில் அல்ல, ஆறாவது ஆண்டில்தான் கை நீட்டப்படுகிறது.

*

நண்பரின் கதைக்கு வருகிறோம். தமிழிலக்கியத்தில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். பதிவு செய்ய முதல் பேருந்தில் போய், மதியம் வரை வரிசையில் நின்றார். எழுத்தர் சான்றிதழ்களைச் சரிபார்த்தார், எண்ணைக் குறித்தார், முத்திரை வைத்தார். ஏறக்குறைய நான்கு நிமிடம். 'அடுத்து' என்றார். அந்த எழுத்தர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவருக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றிருந்தார்கள்.

நண்பர் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தார். பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்க ஓர் இடம் வந்தது. 'ஆர்டர் வந்துவிட்டால் பாதியில் விட்டுப் போக வேண்டுமே' என்று மறுத்தார். வெளிமாநிலத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் வாய்ப்பு வந்தது. பதிவு போய்விடுமோ என்று அஞ்சித் தங்கிவிட்டார். 2000-களின் பிற்பகுதியில் பதிவு மூப்பின்படி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது தம் முறை நெருங்கிவிட்டது என்று நம்பினார். பிறகு கல்வி உரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் அந்தத் தேர்வு முதன்முறையாக நடந்த 2012-இல் அவருக்கு வயது நாற்பத்து நான்கு. இருபத்தொரு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த மூப்பு ஒரே நாளில் செல்லாக் காசானது.

தகுதித் தேர்வு தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. மூப்பை மட்டும் அளவுகோலாக வைப்பது நிலைக்காது என்பதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பத்திரிகை விளம்பரமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கூறிவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கு அது தெரியும். அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1997-இல் அட்டையைப் புதுப்பிக்கப் போன நண்பருக்கு மட்டும் தெரியவில்லை. 'தம்பி, காற்று மாறுகிறது, வேறொரு வழியையும் பார்த்து வையுங்கள்' என்று சொல்ல அங்கே ஆளில்லை. முத்திரை வைக்கத்தான் ஆள் இருந்தது.

நண்பர் தோற்றவரல்ல. இன்று நல்ல மெய்ப்புப் பார்வையாளர் என்று பெயர் வாங்கியிருக்கிறார். இருபத்தைந்து வயதில் தொடங்கியிருக்க வேண்டியதை நாற்பத்தைந்தில் தொடங்கினார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எத்தனை வீடுகளில் ஒரு முழு இளமையாக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

*

இப்போது பெயர்ப் பலகை மாறியிருக்கிறது. 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' என்பது இன்றைய பெயர். பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்குப் போய்விட்டன. வளாகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது. போட்டித் தேர்வுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பெடுக்கிறார்கள், படிக்கப் புத்தகங்கள் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடப்பதுண்டு. நண்பரின் அண்ணன் மகள் வணிகவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். அவளை அழைத்துக்கொண்டு அப்படியொரு வெள்ளிக்கிழமை போனோம். பழைய நினைவோடு போன எங்களுக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருந்தது.

வழிகாட்டும் அறையில் இருந்த பெண் அலுவலர் அவளை எதிரில் உட்காரச் சொன்னார். நாற்காலி இருந்தது என்பதையே நண்பர் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். 1991-இல் சன்னல் கம்பிதான் இருந்தது.

"என்னம்மா செய்யலாம்னு இருக்கே?"

"குரூப் போர் எழுதலாம்னு இருக்கேன் மேடம்."

"எழுது. எல்லாரும் எழுதறாங்க. அது தவிர, காலேஜ் விட்டு வந்தா என்ன பண்ணுவே?"

அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுவதாகவும், ஜிஎஸ்டி பில்களைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதை ஒரு தகுதியாக அவள் நினைத்திருக்கவே இல்லை. அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்குத் தணிக்கையாளர் அலுவலகங்களில் பயிற்சியாளராகச் சேர்வது எப்படி, எந்தக் கணினிப் பயிற்சி உண்மையில் பயன்படும், எது வெறும் சான்றிதழ், வங்கித் தேர்வுக்கும் குரூப் நான்குக்கும் பாடத்திட்டத்தில் எது பொது, எத்தனை ஆண்டுகளுக்கு மேல் தேர்வுக்காக மட்டும் வீட்டில் உட்காரக் கூடாது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. எங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தார்.

அடுத்த அறையில் முகாம். நூற்பாலை, இரு சக்கர வாகன விற்பனை நிலையம், காப்பீட்டு முகவர்கள், தனியார் மருத்துவமனை, பாதுகாவலர் நிறுவனம் என்று வரிசையாக மேசைகள். தொழிற்பேட்டையிலிருந்து லேத் பட்டறை முதலாளி ஒருவரும் வந்திருந்தார். கணினி வழி இயங்கும் இயந்திரத்தை இயக்கவும் வரைபடத்தைப் படிக்கவும் தெரிந்த பையன் வேண்டும் என்றார். எல்லோரும் பொறியியல் படிக்கிறார்கள், ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்களுக்குப் பழகிய புலம்பல்தான். அதே அலுவலர் வந்து கேட்டார்.

"சம்பளம் எவ்வளவு சார் போட்டிருக்கீங்க?"

"பன்னிரண்டாயிரம்."

"பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? ஷிப்ட் எத்தனை மணி?"

அவர் மழுப்பினார். "சித்தாள் வேலைக்கே அதைவிடக் கூட வருமே சார்" என்றார் அலுவலர், சிரித்துக்கொண்டே. பேச்சு நீண்டது. முடிவில் அவர் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தவும், அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து இருவரைப் பழகுநராக எடுத்துத் தாமே பழக்கவும் சம்மதித்தார். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் என்ற ஒன்று இருப்பதும், அதன்படி உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி அளிக்கலாம் என்பதும் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வேலை தேடுபவனுக்கு அறிவுரை சொல்ல ஊரே இருக்கிறது. வேலை தருபவரிடம் உண்மையைச் சொல்லும் மேசை அபூர்வம். அரசு ஊழியர் ஒருவர் கட்டணமோ தரகோ வாங்காமல் அந்த மேசையில் இருப்பதால்தான் அது முடிந்தது.

*

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-இல் தொடங்கப்பட்டது. தனியார் வேலைகளுக்கென்று தமிழ்நாடு அரசும் 2020-இல் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது கட்டடமும் நாற்காலியும் எதற்கு?

காலியிடம் எங்கே என்பதைக் கைப்பேசி சொல்லும். அந்த வேலை மெய்யா பொய்யா என்பதைச் சொல்லாது. 2022-இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கித் தவித்த செய்தியை நாம் மறந்திருக்க முடியாது. அவர்கள் படித்தவர்கள், இணையம் தெரிந்தவர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்தி வருகிறது. இந்த இரண்டு செய்திகளையும் புறப்படும் முன் சொல்ல, நடந்து போகும் தூரத்தில் ஒருவர் அவர்களுக்கு இருந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்?

சொல்லப் போனால், சட்டமே இப்போது நாம் விரும்பும் திசையில் பேசத் தொடங்கியிருக்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதில் வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற பழைய சொல்லைத் தாண்டி, தொழில் வழிகாட்டுதலும் சுயதொழிலுக்கான ஆலோசனையும் தரும் மையம் என்று வரையறுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதே வரையறையில், அம்மையம் ஓர் அலுவலகமாகவும் இருக்கலாம், வெறும் இணையதளமாகவும் இருக்கலாம் என்றிருக்கிறது. எங்கள் கவலை அங்கேதான். சிக்கனம் பேசும் காலத்தில் எது முதலில் கைவிடப்படும் என்று யூகிப்பது கடினமல்ல.

இன்னொரு கவலை. பயிலும் வட்டத்தின் கூடத்தில் குனிந்த தலைகளோடு படித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தோம். உழைப்பு தெரிந்தது. ஆனால் ஒரு தேர்வை எழுதும் லட்சக்கணக்கானோரில் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம். பழைய பதிவு மூப்பு வரிசை கலைந்து, அதே இடத்தில் தேர்வு வரிசை உருவாகிக்கொண்டிருக்கிறதோ என்று அஞ்சினோம். முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை முத்திரை. இப்போது ஆண்டுக்கு ஒரு நுழைவுச் சீட்டு. நம்பிக்கையை ஊட்டும் இடமே, எப்போது அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவதைச் சொல்வது கடினம். அதற்குத்தான் பயிற்சி பெற்ற மனிதர் தேவை.

ஆகவே நாங்கள் கேட்பவை சில. மையங்களின் பணியை எத்தனை பேர் பதிந்தார்கள் என்று அளக்காமல், எத்தனை பேர் அடுத்த அடியைத் தெரிந்துகொண்டு வெளியேறினார்கள், ஓராண்டுக்குப் பின் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அளக்கட்டும். முகாமில் பணியாணை கொடுத்த படத்தைவிட, ஆறு மாதம் கழித்து அந்த வேலையில் நிலைத்தவர்களின் கணக்கு வெளியிடத் தக்கது. பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு அரசுப் பள்ளி மாணவனுக்கும் அந்த நாற்காலி ஒருமுறையாவது கிடைக்கட்டும். பட்டம் முடித்த பிறகு வழிகாட்டுவது பேருந்து போன பிறகு கால அட்டவணை காட்டுவது போன்றது. முகாமுக்கு வரும் முதலாளி சம்பளம், வேலை நேரம், காப்பீடு மூன்றையும் பலகையில் எழுதிய பிறகே மேசையில் உட்காரட்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டும் அலுவலர்களின் எண்ணிக்கை கூடட்டும். நாங்கள் கண்ட அந்த ஒருவர் ஒரு நாளில் எத்தனை இருபத்தைந்து நிமிடங்களைத் தர முடியும்? அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

நமக்கும் இதில் பங்குண்டு. நூலகங்களிலும் கூட்டங்களிலும் நாம் சந்திக்கும் இளைஞர்களிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறோம். பதில் நாவல் பெயராக இருந்தால் மகிழ்கிறோம். அதற்கப்பால் கேட்பதில்லை. நம்மில் வங்கியில், பள்ளியில், அச்சகத்தில், மின்வாரியத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். பயிலும் வட்டங்களுக்கு வந்து பேச ஆள் தேவைப்படுகிறது. அந்த அலுவலரிடம் கேட்டோம். "வாங்க சார், வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பர் போயிருக்கிறார். தமிழ்த் தாளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் மெய்ப்பு பார்க்கும் தொழிலைப் பற்றியும் கால் மணி நேரம் பேசினாராம். இருவர் அவருடைய முகவரியைக் குறித்துக்கொண்டார்கள். சட்டைப் பையிலிருந்த அட்டையை அவர்களிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். "வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றார்.